சொன்னேன்ல குருவி

காது மிஷின்காரர் அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தார். கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவையாவது பெண்டாட்டியைப் பார்த்து “சொன்னேன்ல?” என்று கேட்டுவிட வேண்டும்.

பேராசை என்று சொல்லாதீர்கள். மற்ற புருஷன்மார் மாளிகைக்கு ஆசைப்படுகிறார்கள், காருக்கு ஆசைப்படுகிறார்கள். பாவம், இந்த மனிதர் ஆசைப்பட்டது ஒரே ஒரு வார்த்தைக்கு. ஆனால் அந்த வார்த்தை அவர் வீட்டில் ஒருவழிப்பாதை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

“குடையை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்ல?”

“அந்தப் பச்சைப் பெயின்ட் வேண்டாம், வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்னு சொன்னேன்ல?”

“ஏணியில மூணாவது படி ஆடுதுன்னு சொன்னேன்ல?”

மூன்றாவது கேள்வி கேட்கப்பட்டபோது அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். ஏணி அவர் மேல் கிடந்தது. அந்த நிலைமையிலும் அவரால் “இல்லையே, நீ சொல்லலையே” என்று சொல்ல முடியவில்லை. அவள் சொல்லித்தான் இருந்தாள். அதுதான் அவருடைய தீராத துக்கம். அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். எப்போதும் சரியாகவே சொல்கிற ஒருத்தியிடம் மனிதன் எதைச் சாக்கு வைத்துச் சண்டை போடுவது?

அவருக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. காது மந்தமானவர்களுக்கு மிஷின் விற்பார். ஊரில் எல்லாரும் அடுத்தவன் காதில் பூ சுற்றும்போது, இவர் ஒருவர்தான் யோக்கியமாக மிஷின் மாட்டிவிடுகிறார் என்று பெயர். வருகிறவர்களை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, “சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க” என்பார். வீட்டில் மனைவியின் சத்தம் கேட்டால் இவர் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். தொழில் பழக்கம்.

மனைவிக்கு பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவள் ஆரம்பித்தால் நகரத் தொடங்கிய பஸ்ஸும் ஒரு நிமிஷம் நின்று கேட்கும். அங்கே எதையும் மூன்று தடவை சொல்வாள். வீட்டில் ஒரே தடவைதான். மூன்று தடவை சொல்ல அவளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்கு இவரிடம் வசதி இல்லை.

ஊரின் கடைசித் தெருவில், காட்டை ஒட்டி இருந்த அந்த வீட்டைப் பிடித்தது இவர்தான்.

“காட்டோரத்துல வீடு வேண்டாங்க. பொழுது சாஞ்சா சத்தமா இருக்கும்,” என்றாள் அவள்.

“சத்தமா? நான் காது விஷயத்துல கரை கண்டவன்மா. எலி தும்மினாக்கூட கேக்கும், அவ்வளவு அமைதி,” என்றார் இவர்.

குடி வந்த முதல் நாள். விளக்குப் போடுகிற நேரம். இவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அமைதியை அனுபவிக்கக் காலை நீட்டினார். நீட்டிய காலை மடக்குவதற்குள் மரங்களுக்கு நடுவிலிருந்து கணீரென்று கிளம்பியது ஒரு குரல்.

“சொன்னேன்ல! சொன்னேன்ல! சொன்னேன்ல!”

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தார். மனைவி வாசற்படியில் நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இல்லைங்க. நான் வாயையே திறக்கலை,” என்றாள்.

அது ஒரு பறவை. பகலெல்லாம் தூங்கும், இருட்டத் தொடங்கினால் ஆரம்பித்துவிடும். மூச்சு வாங்காது. அந்தத் தெருவில் அதற்கு ‘சொன்னேன்ல குருவி’ என்றே பெயர். புத்தகத்தில் வேறு பெயர் இருக்கலாம்; அந்தத் தெருவில் யாரும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. குருவியை யாரும் கண்ணால் பார்த்ததும் இல்லை. சத்தம் மட்டும்தான். வீட்டுக்குள் ஒன்று, காட்டுக்குள் ஒன்று. நடுவில் காது மிஷின்காரர். ஊருக்கெல்லாம் காது கேட்க வைத்த புண்ணியவான், தன் காது கேட்காமல் போகக் கூடாதா என்று ஏங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அந்தச் சபதம் பிறந்தது.

சபதம் எடுப்பது சுலபம். “சொன்னேன்ல” என்று கேட்க வேண்டுமென்றால் முதலில் எதையாவது சொல்ல வேண்டும். பிறகு அது நடக்க வேண்டும். இரண்டாவது பகுதியில்தான் இவருக்குப் பயிற்சி போதாது.

“இன்னைக்கு மழை வரும் பாரு,” என்றார் ஒரு நாள். அன்றைக்கு அடித்த வெயிலில் தெருவில் தார் உருகிவிட்டது.

“அந்தப் பால் பொங்கப் போகுது,” என்றார் இன்னொரு நாள். நிச்சயம் பொங்கும் பால்தான் அது. விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. இவர் வாயில் ‘சொ’ கூட வந்துவிட்டது. அவள் கையை மட்டும் நீட்டி அடுப்பை அணைத்தாள்.

“நல்ல வேளை, சொன்னீங்க,” என்றாள்.

இதைவிட ஒரு மனிதனை யாராவது அவமானப்படுத்த முடியுமா?

ஒருநாள் கடைக்கு ஒரு ஓய்வுபெற்ற வனக்காவலர் வந்தார். காடு முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகியவர். இப்போது தன் குரலே தனக்குக் கேட்காததால் இன்னும் சத்தமாகப் பேசினார். ஹெட்போனை மாட்டிவிட்டுக்கொண்டே இவர் பேச்சோடு பேச்சாகக் குருவியைப் பற்றிக் கேட்டார்.

“சொன்னேன்லவா? அது ஒரு சோம்பேறிங்க!” என்று கண்ணாடி அதிரக் கத்தினார் வனக்காவலர். “கூடே கட்டாது! காய்ஞ்ச சருகு கிடந்தா போதும், அதுமேலேயே முட்டையைப் போட்டுட்டு உக்காந்துக்கும்! சருகு நிறம்தான் அதுவும்! பக்கத்துல நின்னாலும் தெரியாது! இதுதான் அதோட பருவம், காட்டோரத்து வீட்டுக் கொல்லையில எல்லாம் இறங்கும்! ஆனா பெருக்குற வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது!”

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். இவர் கேட்கவில்லை. ‘பெருக்குற வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது’ என்ற இடத்திலேயே இவர் காது நின்றுவிட்டது. வேலை செய்யாமல் இருப்பதால் நன்மை விளையும் என்று ஒரு அனுபவஸ்தர் வாயால் கேட்பது எவ்வளவு இனிமை!

ஏனென்றால் இவர் வீட்டுக் கொல்லையில் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பெருக்கச் சொல்லி அவள் ஆணை பிறப்பித்தும் ரொம்ப நாளாகிவிட்டது. இவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துடைப்பத்தை எடுத்து, அதன் குச்சிகளைத் தட்டிச் சரிசெய்து, திரும்ப வைத்துவிடுவார். இப்போது அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு லட்சியம் கிடைத்துவிட்டது. பெருக்கவும் வேண்டாம், சபதமும் நிறைவேறும்.

அன்று சாயங்காலமே கொல்லையில் நின்று அறிவித்தார்.

“இந்தாம்மா, கேட்டுக்கோ. அந்தச் சொன்னேன்ல குருவி நம்ம கொல்லையில வந்து முட்டை இடப் போகுது.”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?”

“கிண்டல் வேண்டாம். எழுதி வச்சுக்கோ. வரும்.”

“வராது.”

“வரும்கிறேன்.”

“காடு அவ்வளவு பெருசா கிடக்குது. அதையெல்லாம் விட்டுட்டு உங்க மூஞ்சியைப் பாக்க இங்க வருமா?”

“பந்தயம்!”

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு சர்வேயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அளக்கும் பழக்கத்திலிருந்து ஓய்வு பெறாதவர். இடுப்பில் எப்போதும் டேப் தொங்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வாய்ச்சண்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றுகூடச் சரியாகச் சொல்லிவிடுவார்.

“பந்தயம்னா நடுவர் வேணுமே,” என்றார் அவர் ஆவலோடு.

“நீங்களே இருங்கண்ணா,” என்றாள் மனைவி.

“சரிம்மா தங்கச்சி.”

அந்த இடத்திலேயே காது மிஷின்காரர் உஷாராகியிருக்க வேண்டும். அவள் அண்ணா என்று கூப்பிட, அவர் தங்கச்சி என்று சொல்லிவிட்டார். அப்படியானால் இவருக்கு அவர் யார்? மச்சான். பெண்டாட்டியின் அண்ணனை நடுவராக வைத்துப் பந்தயம் கட்டிய முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். ஆனால் அப்போது அவருக்கு மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் ஜெயிச்சா, நீ இனிமே ஆயுசுக்கும் ‘சொன்னேன்ல’ன்னு கேக்கக் கூடாது. நான்தான் கேப்பேன்,” என்றார்.

மனைவி கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். “நான் ஜெயிச்சா?”

“என்ன வேணும், கேளு!”

“அந்த ஷெட்டு.”

இவர் சட்டென்று திரும்பி ஷெட்டைப் பார்த்தார். கொல்லை மூலையில் தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். உள்ளே முழுக்க அவருடைய பழைய ரேடியோக்கள். ஒன்றும் பாடாது. என்றைக்காவது பாடவைத்துவிடலாம் என்று ஒவ்வொன்றின் வயிற்றையும் திறந்துபோட்டிருந்தார். வீட்டில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு எதிர்த்துப் பேசாமல் இருந்த ஒரே கூட்டம் அதுதான்.

“ஷெட்டு உனக்கு எதுக்கு?”

“ஒரு நாற்காலி போட்டு உக்கார்றதுக்கு. காலையில இருந்து மைக்கைப் பிடிச்சுக் கத்திட்டு வரேன். வீட்டுக்கு வந்தா நீங்க, வெளிய குருவி. யாரும் பேசாத இடத்துல கொஞ்ச நேரம் நானும் பேசாம உக்காரணும்ங்க. அவ்வளவுதான்.”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டபோது இவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் சபதம் என்று ஒன்று இருக்கிறதே.

“சரி. வர்ற பௌர்ணமிக்குள்ள குருவி வந்து முட்டை இட்டா நான் ஜெயிச்சேன். இல்லைன்னா ஷெட்டு உனக்கு.”

“மாப்ளே, நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?” என்றார் சர்வேயர். மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுவிட்டார், கவனித்தீர்களா? இவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு காது மிஷின்காரர் தினமும் சருகைப் பார்ப்பதும் காட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். குருவி பொழுது சாய்ந்தால் கத்தியது. காட்டில் இருந்து கத்தியது. இவர் பக்கமே வரவில்லை. பிறை வளர வளர இவர் முகம் தேய்ந்தது.

மனைவியோ நாளுக்கு நாள் தேனாகிவிட்டாள். முதலில் சருகைப் பெருக்கச் சொல்வதை நிறுத்தினாள். பிறகு துணி காயப்போடுவதைக் கொல்லையிலிருந்து மொட்டை மாடிக்கு மாற்றினாள்.

“என்னம்மா, இவ்வளவு படி ஏறி இறங்குறே?”

“மாடியில வெயில் நல்லா இருக்குங்க. இங்க எல்லாம் நிழலு.”

தோற்கப் போகிறவனுக்கு எதிராளி காட்டும் இரக்கம் என்று இவர் நினைத்துக்கொண்டார். அந்த இரக்கத்தில் அவர் வயிறு எரிந்தது. சர்வேயரும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “என்ன மாப்ளே, இன்னும் ஒண்ணும் காணோமா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு முறை இருமிவிட்டுத் தலையை இறக்கிக்கொள்வார். அந்த இருமல் சிரிப்பு மாதிரி இருந்தது. காது விஷயத்தில் கரை கண்டவருக்கு அதுவும் பிடிபடவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இன்னைக்கு பஸ் நிலையத்து வாசல்ல ஒருத்தன் காடை முட்டை விக்கிறான். என்ன அழகுங்க! சின்னச் சின்னதா, உடம்பெல்லாம் புள்ளி. ஏதோ காட்டுக் குருவி முட்டைன்னே நினைச்சுட்டேன். வித்தியாசமே தெரியலை.”

“ம்,” என்றார் இவர்.

“யாராவது சொல்லாம கொண்டுவந்து வச்சா நானே ஏமாந்துடுவேன்.”

“ம்ம்.”

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?”

வேண்டாம் என்று கையைக் காட்டினார். வயிறு நிறைந்துவிட்டது. மண்டைக்குள் விளக்கு எரிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒரு யோசனையைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் ரசத்தை உறிஞ்சுகிறாளே, இவ்வளவு வெகுளியா இவள் என்று அவருக்கு மனைவி மேல் அன்பு பொங்கியது. கல்யாணமான இத்தனை காலத்தில் அவளை வெகுளி என்று அவர் நினைத்தது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

மறுநாள் காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்தார். முட்டையை வாங்கினார். கடை ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அவள் வேலையிலிருந்து வருவதற்கு முன் வீட்டுக்கு ஓடிவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லையில் பூனை மாதிரி நடந்தார். நடுவில் இருந்த பெரிய சருகுக் குவியலில் குழி செய்து முட்டைகளை அடுக்கினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். திருப்தி இல்லை. ஒன்றிரண்டு சருகை மேலே தூவினார். இயற்கையே தோற்றுப்போகும்படி இருந்தது.

அவள் வந்ததும் வராததுமாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

“சர்வேயர் சார்! வாங்க, சீக்கிரம் வாங்க! பந்தயம் முடிஞ்சுபோச்சு!”

சர்வேயர் வாசல் வழியாக வரப் பொறுமையில்லாமல் மதிலில் ஏறியே குதித்தார். மூன்று பேரும் குவியலைச் சுற்றி நின்றார்கள். இவர் சருகை மெல்ல விலக்கினார். நெஞ்சு நிமிர்ந்தது. மூச்சை இழுத்தார். எத்தனை வருஷத்து மூச்சு அது! வாயைத் திறந்தார்.

“ஆறு,” என்றாள் மனைவி.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. “என்ன ஆறு?”

“ஆறு முட்டை இருக்கு. அண்ணா, அந்தக் குருவி எத்தனை முட்டை இடும்?”

“ரெண்டே ரெண்டுதான்மா. மாப்ளே கடைக்கு வந்த வனக்காவலர் எனக்கும் சிநேகிதர்தான்,” என்றார் சர்வேயர்.

வனக்காவலர் கண்ணாடிப் பெட்டிக்குள் கடைசியாகக் கத்தியது என்னவென்று இவருக்கு இப்போதுதான் உறைத்தது.

“அது... இது ஒரு ஆரோக்கியமான குருவி,” என்றார்.

“குருவியா, இல்லை மொத்த வியாபாரமா?” அவள் குனிந்து ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். “அண்ணா, தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருக்கு.”

சர்வேயர் தொட்டுப் பார்த்தார். “ஆமாம்மா. குருவி ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து அடைகாக்குது போல.”

“ஏங்க, பிறந்த முட்டைக்கே ஜன்னி கண்டுருக்கே. யார் காதுல பூ சுத்துறீங்க?”

இவர் முகத்தில் வழிந்த அசட்டை வாளி வைத்துப் பிடித்திருக்கலாம். காட்டைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். எங்கிருந்தும் உதவி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட முட்டைக்கு அப்புறம் இவரை இவ்வளவு கேவலப்படுத்திய முட்டை வேறு இல்லை.

“சொல்லுங்க,” என்றாள் அவள்.

“என்ன சொல்ல?”

“அண்ணா சாட்சியா இருக்கார். என்ன சொல்லணுமோ அதைச் சொல்லுங்க.”

“காடை முட்டைதான்,” என்றார் ஈனசுவரத்தில்.

“அப்புறம்?”

“குருவி வரலை.”

“அப்புறம்?”

“தோத்துட்டேன்.”

“சரியாக் கேட்டுச்சா அண்ணா?”

“கணீர்னு கேட்டுச்சும்மா,” என்றார் சர்வேயர். “பந்தயம் முடிஞ்சுது. மாப்ளே, சாவி.”

இடுப்பில் இருந்த ஷெட் சாவியை இவர் எடுத்துக் கொடுத்தார். அது கை மாறியபோது அவருக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. பாடாத ரேடியோக்கள்தான். ஆனாலும் அவருடையவை. ஆறு காடை முட்டைக்கு ஆசைப்பட்டு அவற்றை அநாதையாக்கிவிட்டோமே என்று ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார். போதாக்குறைக்கு மனைவி எதுவும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை அவள் கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

தோற்றவன் தோற்றவனாக நடந்துகொள்ள வேண்டும் என்று இவருக்கு ஒரு வீம்பு வந்தது. சுவரோரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்தார். இந்தத் தடவை குச்சிகளைத் தட்டிச் சரிசெய்யவில்லை. நேராகச் சருகின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

“ஐயையோ! பெருக்காதீங்க!” மனைவியும் சர்வேயரும் ஒரே குரலில் அடித்தொண்டையில் கத்தினார்கள். கத்தினார்கள் என்றா சொன்னேன்? கிசுகிசுத்தார்கள். கத்தலையே கிசுகிசுப்பாக்கும் வித்தையை அன்றைக்குத்தான் இவர் கேட்டார்.

“ஏன்? நீதானே பெருக்கச் சொன்னே?”

அவள் துடைப்பத்தை வாங்கிக் கீழே வைத்தாள். உதட்டில் விரலை வைத்து, இவர் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனாள். வேலியோரம், பழைய துணிக்கொடிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பாருங்க,” என்று காதோரம் சொன்னாள்.

“என்னத்தை? சருகு.”

“நல்லாப் பாருங்க.”

பார்த்தார். சருகு. பக்கத்தில் சருகு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சருகு. அந்த மூன்றாவது சருகு மூச்சு விட்டது.

பழுப்பும் சாம்பலுமாக, பட்டுப்போன மரப்பட்டைத் துண்டு மாதிரி ஒரு பறவை தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கண் இரண்டும் கோடாக மூடியிருந்தன. வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக எதுவோ ஓரம் தெரிந்தது.

“ரெண்டு,” என்றார் சர்வேயர், பின்னாலிருந்து. “அது எந்திரிச்சுப் போன நேரத்துல எட்ட நின்னு எண்ணிட்டேன்.”

“இது... இது எப்போ...?”

“போன வாரமே வந்துடுச்சுங்க. துணி காயப்போட வந்தேன், காலடியில இருந்து விருட்டுன்னு பறந்துச்சு. உசுரே போயிடுச்சு எனக்கு. அதான் துணியை மாடிக்குத் தூக்கினேன்.”

“போன வாரமா!” மொட்டை மாடி வெயில், தேனான பேச்சு, சர்வேயரின் இருமல், ரசத்தோடு பரிமாறப்பட்ட காடை முட்டை எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னால் நின்று பல்லைக் காட்டின.

“இன்னைக்கு நீங்க பூனை மாதிரி வந்தீங்களே மாப்ளே,” என்றார் சர்வேயர், “இதுல இருந்து ரெண்டடி தள்ளிக் காலை வச்சீங்க. எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் மூச்சே நின்னுபோச்சு. உடனே தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன்.”

“அப்போ பந்தயத்துல ஜெயிச்சது நான்!”

“நீங்கதான் தோத்துட்டேன்னு சொன்னீங்க,” என்றாள் மனைவி. “நானா சொன்னேன்? நீங்க தோத்தீங்கன்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வந்துச்சா? அண்ணா, வந்துச்சா?”

“வரலைம்மா.”

“அநியாயம்! குருவி வந்திருக்கு! முட்டை இட்டிருக்கு! நான் சொன்ன இடத்துல, நான் சொன்ன கெடுவுக்குள்ள! நான் அன்னைக்கே...”

“உஷ்ஷ்!”

இருவரும் சேர்ந்து அடக்கினார்கள். பறவை ஒரு கண்ணை மயிரிழை அளவு திறந்தது. சிறகு சிலிர்த்தது. இன்னும் ஒரு சத்தம் கேட்டால் போதும், முட்டையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடும் போலிருந்தது. இவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். பறவை யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

“பாவம்ங்க,” என்று மனைவி உதட்டை மட்டும் அசைத்தாள். “குஞ்சு பொரிச்சுப் பறக்குற வரைக்கும் கொல்லையில யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இந்த ஷெட்டுல சத்தம் காட்டாம உக்காந்து காவல் இருக்கேன். ரேடியோவெல்லாம் நீங்க மெதுவா எடுத்துக்குங்க.”

காது மிஷின்காரர் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது நடந்திருக்கிறது. எதிரில் மனைவி நிற்கிறாள். சாட்சிக்கு ஆள் இருக்கிறது. காலடியில் அத்தாட்சி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஷெட் போனால் போகட்டும். சபதம் பாக்கி இருக்கக் கூடாது. அவர் மெல்ல, மிக மெல்ல, மனைவியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, காற்றிலும் மெல்லிசாக அந்த வார்த்தையை விட்டார்.

“சொன்னேன்ல?”

அவள் அவரை நிதானமாக ஏறிட்டுப் பார்த்தாள். காதை மறைத்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு அவரைவிட மெல்லிசான குரலில், ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

“என்னங்க? கேக்கலை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்.”